தண்ணீரில் அடிபட்டால் என்ன செய்யலாம்?



இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பக்கம் எங்கள் வகுப்புக்கு வந்தது. அறிவியல் டீச்சர் "ஒளிச்சேர்க்கை பற்றி எழுதிக் கொடு" என்றார்கள். நான்தான் "டீச்சர், நீச்சல் பற்றி எழுதறேன்" என்று கேட்டு வாங்கினேன். நீச்சலில் என்ன அறிவியல் இருக்கு என்று பசங்கள் சிரித்தார்கள். இருக்கு. முழுசா படிச்சுட்டுச் சிரிங்க.

இன்னும் இரண்டு வாரத்தில் முழுப்பரீட்சை முடிந்துவிடும். லீவு விட்ட மறுநாளே நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் கிடப்போம். ஆகஸ்ட் மாதம் பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கீழ்பவானி வாய்க்காலுக்குப் போய்விடுவோம். 200 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வாய்க்கால் நம்ம ஊர் பக்கத்தில் போகிறது நமக்குப் பெருமைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 29 வயதுக்கும் குறைந்தவர்கள். அதாவது நம்மளும் நம்ம அண்ணன்மாரும்தான்.

முதலில் சின்னச் சின்ன தொந்தரவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

காதில் தண்ணீர் போனால் தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்து, காது மடலை லேசாக இழுத்து ஆட்டினால் தானாக வெளியே வந்துவிடும். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எதையும் உள்ளே விடக்கூடாது. காய்ச்சின எண்ணெய் ஊற்றவும் கூடாது. (எங்க அம்மிச்சி இதைப் படித்தால் என்னைத் திட்டும். அதுக்கு எல்லாக் காதுவலிக்கும் எண்ணெய்தான்.) இரண்டு மூன்று நாள் கழித்துக் காது அரிப்பெடுத்து, மடலைத் தொட்டாலே வலித்தால் காதுக்குழாயில் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு டாக்டர் கொடுக்கும் சொட்டு மருந்துதான். அது ஆறுகிற வரைக்கும் தண்ணீரில் இறங்கக் கூடாது. உயரத்திலிருந்து குதிக்கும்போது காதுப் பக்கமாகத் தண்ணீரில் 'பட்' என்று விழுந்தால் செவிப்பறையே கிழியலாம். காதில் ரத்தமோ நீரோ வந்தால், கேட்பது குறைந்தால், எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கண் சிவந்தால் கசக்காமல் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். டவுனில் நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்குக் குளோரினால் எரியும், அதற்கும் இதேதான்.

கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது நிறையப் பேருக்கு வரும். ரொம்ப நேரம் நீந்திக் களைத்துப் போனால், குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் இருந்தால் வரும். அப்போது பயந்துபோய்க் கையையும் காலையும் உதறுவதுதான் ஆபத்து. மல்லாந்து மிதந்துகொண்டு, முழங்காலை நீட்டி, கால் கட்டைவிரலைக் கையால் பிடித்து நம்ம பக்கமாக இழுக்கணும். பிடிப்பு விடும். விட்டதும் கரைக்கு வந்துடணும். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்கிற வேலையெல்லாம் வேண்டாம், ஒரு தடவை பிடித்த கால் திரும்பவும் பிடிக்கும்.

வாய்க்காலில் உடைந்த பாட்டில் இருக்கிறது. யார் போட்டது என்று நான் எழுதப்போவதில்லை, எல்லாருக்கும் தெரியும். காலில் கிழித்துவிட்டால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்கணும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நின்றதும் சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவணும். ஆழமாகக் குத்தியிருந்தால், கண்ணாடி உள்ளேயே நிற்கிறது என்றால், நாமாகப் பிடுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். தனுர்வாத ஊசியும் போடச் சொல்வார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் நமக்குப் போடும் ஊசி இதற்காகத்தான், ஊசி என்றதும் பின் கேட் வழியாக ஓடுகிறவர்கள் கவனிக்க. காலில் புண் இருந்தால் தேங்கின தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாகப் போய்த்தான் எலிக்காய்ச்சல் வருகிறது.

கிணற்றில் மோட்டார் ஓடும்போதும் இறங்கக் கூடாது. ஒயரில் பிளாஸ்டிக் உரிந்து இருந்தால் தண்ணீரே கரண்ட் அடிக்கும். யாராவது கரண்ட் அடித்துத் துடித்தால் முதலில் பியூஸைப் பிடுங்கணும். பிறகுதான் அவரைத் தொடலாம்.

இனி பெரிய விஷயம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, தலைகீழாகப் பாய்வது. என் மாமா பையன் போன சித்திரையில் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் பாய்ந்தான். தை மாதம் பொங்கலுக்குப் பாய்ந்த அதே கிணறு, அதே மேடு. ஆனால் தையில் இருந்த தண்ணீர் சித்திரையில் இல்லை. இறங்கிப் போயிருந்தது. உள்ளே இருந்த பாறைத் திட்டில் நெற்றி மோதிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை என்று காப்பித்தூளை வைத்து அப்பினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் தூளையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு நாலு தையல் போட்டார். தூள் வைத்ததற்கு எங்க மாமாவுக்குத் திட்டு. அதன் பிறகு அவர் எங்களிடம் சொன்னது இது: "தையல் போச்சேன்னு சந்தோஷப்படுங்க. கழுத்து போயிருந்தா?"

கழுத்து எலும்புக்குள்ளேதான் தண்டுவடம் இறங்குகிறது என்று நமக்குப் பாடத்தில் இருக்கிறது. மூளை சொல்வதைக் கைக்கும் காலுக்கும் கொண்டுபோகிற கம்பி அது. தலை மோதிக் கழுத்து எலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கினால் கையும் காலும் ஆயுசுக்கும் அசையாமல் போய்விடலாம். அப்படி அடிபட்டவரைத் தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உட்கார வைத்து "என்னாச்சு, என்னாச்சு" என்று உலுக்கக் கூடாது. தண்ணீரிலேயே மல்லாக்க மிதக்கவிட்டு, தலை கழுத்து உடம்பு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பலகை அல்லது கதவு மேல் கிடத்தித்தான் தூக்கணும். கயிற்றுக் கட்டில் வேண்டாம், அது நடுவில் தொங்கும். ஒருவர் இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டே இருக்கணும். 108 வரும்வரை அப்படியே. தலையில் அடிபட்டவர் பிறகு வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, உளறினாலோ உடனே ஆஸ்பத்திரி போகணும், காயம் சின்னதாக இருந்தாலும்.

ஆகவே தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாயவே கூடாது. தெரிந்த தண்ணீர் என்றாலும் அன்றைக்கு எவ்வளவு ஆழம் என்று முதலில் படியில் இறங்கிப் பார்க்கணும்.

இரண்டாவது, மூழ்குவது. நான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கியது இதற்காகத்தான்.

போன வருஷம் ஆயுதபூஜை லீவில் நானும் என் தம்பியும் வாய்க்கால் படித்துறைக்குப் போனோம். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து கல் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். போர்வையைப் பிழிந்துவிட்டுத் திரும்பினேன். ஆள் இல்லை. அவ்வளவுதான். ஒரு சத்தம் கேட்கவில்லை. பாசிப் படியில் வழுக்கியிருக்கிறான். சினிமாவில் மூழ்குகிறவர்கள் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள். நிஜத்தில் அப்படி இல்லவே இல்லை. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வரமாட்டேன் என்கிறபோது கத்துவதற்கு மூச்சு எங்கிருந்து வரும்? கை இரண்டும் தண்ணீரை அழுத்தித் தலையைத் தூக்கத்தான் பார்க்கும், ஆட்டாது. பார்க்கிறவர்களுக்கு ஏணி ஏறுகிற மாதிரி இருக்கும். அல்லது விளையாடுகிற மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். "மூணு தடவை மேல வந்துதான் முழுகும்" என்று ஊரில் சொல்வதை நம்பிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்கு அப்போது நீச்சல் தெரியாது. பொம்பளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு என்று வீட்டில் விடவில்லை. ஆனால் வாய்க்காலுக்குத் துணி துவைக்கவும், குடம் கழுவவும், ஆடு ஓட்டவும் போகிறது யார்? இதை யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும். நான் குதிக்கத்தான் போனேன். கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்துவிட்டார். அவர் போட்ட கூப்பாட்டில் லாரியை நிறுத்திவிட்டு ஒரு அண்ணன் ஓடி வந்து, தண்ணீர் போகிற திசையிலேயே கரையில் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் குதித்துத் தம்பியைப் பிடித்தார்.

அந்தப் பெரியம்மா அன்றைக்குச் செய்தது சரி என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பார். அது அண்ணனா தங்கையா என்று தெரியாது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவரையே அமுக்கிவிடுவார். பேப்பரில் 'காப்பாற்றப் போனவரும் பலி' என்று வருவதெல்லாம் இதனால்தான். ஆகையால் முதலில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடணும். அடுத்தது, கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கில் கம்பு, தொரட்டி, துப்பட்டா ஏதாவது நீட்டணும். எட்டவில்லை என்றால் மிதக்கிற பொருளை வீசணும். மூடி போட்ட காலி கேன், பிளாஸ்டிக் குடம், லாரி டியூப், எதுவும் ஆகும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையையே அவிழ்த்துத் தண்ணீரில் வீசி இரண்டு பேரைக் காப்பாற்றினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வெட்கமா உயிரா என்று யோசிக்கிற நேரத்தில் அவர்கள் சேலையை வீசிவிட்டார்கள்.

வாய்க்காலில் நாமே அடித்துக்கொண்டு போனால் தண்ணீருக்கு எதிராக நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். தண்ணீர் போகிற பக்கமே போய், சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்கணும். மதகுப் பக்கமும், பாலத்துக்கு அடியில் தண்ணீர் சுழிக்கிற இடத்திலும் இறங்கவே கூடாது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கரைக்குக் கொண்டுவந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. உதடு நாவல்பழம் மாதிரி இருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. "தலைகீழா தூக்கு, தண்ணி வெளிய வரட்டும்" என்று ஒருவர் காலைப் பிடித்தார். தோளில் போட்டுச் சுற்றச் சொன்னார் இன்னொருவர். வயிற்றை அமுக்கினார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். அந்த நேரத்தில் தடுப்பூசிப் பெட்டியோடு வண்டியில் வந்த நர்ஸ் அக்கா ஒருவர் இறங்கி ஓடி வந்து, "எறக்குங்க, எறக்குங்க, கீழ படுக்க வைங்க" என்று கத்தினார்.

அவர் செய்ததைத்தான் நான் பிறகு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டு எழுதி வந்தேன். கவனமாகப் படியுங்கள்.

கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மார்பு ஏறி இறங்கவில்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்ய, இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும். நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறு கையின் விரலால் தாடையைத் தூக்கணும். அப்போதுதான் நாக்கு தொண்டையை அடைக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, நம் வாயால் அவர் வாயை முழுக்க மூடி, ஒரு விநாடி ஊதணும். மார்பு எழும்புகிறதா என்று பார்க்கணும். இப்படி 2 தடவை. பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், 30 தடவை அழுத்தணும். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும், பெரியவருக்கு இரண்டு கை ஒன்றின் மேல் ஒன்றாக. சுமார் 5 சென்டிமீட்டர் உள்ளே போகணும், ஒவ்வொரு தடவையும் மார்பு திரும்ப மேலே வர விடணும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை, அதாவது விநாடிக்கு இரண்டு என்கிற வேகத்தில். திரும்ப 2 ஊதல், 30 அழுத்தல். மூச்சு வருகிற வரைக்கும், அல்லது 108 வருகிற வரைக்கும் நிறுத்தாமல். கை வலித்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் அறிவியல் என்னவென்றால், மூழ்கினவருக்கு இல்லாமல் போனது ஆக்ஸிஜன். நுரையீரலில் காற்று நுண்ணறைகள் வழியாகத்தான் அது ரத்தத்துக்குப் போகும். 4 நிமிஷத்துக்கு மேல் அது போகாவிட்டால் மூளையின் செல்கள் கெட ஆரம்பித்துவிடும். நாம் நினைப்பது மாதிரி நுரையீரலில் குடம் குடமாகத் தண்ணீர் இருக்காது. வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றுக்குள் குடித்த தண்ணீர். அது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் இன்னும் கெடுதல். சுற்றுகிற நேரமும் வீண், அந்த நேரம்தான் உயிர். தானாக வாந்தி வந்தால் மட்டும் உடம்பை ஒருபக்கமாகத் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடரணும்.

சுற்றுவது நம்ம ஊர் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். முற்காலத்தில் ஐரோப்பாவிலும் மூழ்கினவரைப் பீப்பாய் மேல் போட்டு உருட்டியிருக்கிறார்கள், குதிரை முதுகில் குப்புறப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவதுதான் சிறந்தது என்று பீட்டர் சாஃபர் என்ற டாக்டர் 1950-களில் சோதனை செய்து காட்டினார். மார்பை அழுத்தும் முறை 1960-இல் அமெரிக்காவில் வெளியானது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வாய்க்கால் கரைக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தம்பிக்கு நர்ஸ் அக்கா எத்தனை தடவை ஊதினார் என்று எனக்கு நினைவில்லை. இருமினான். அந்த மாதிரி இருமலை நான் கேட்டதே இல்லை. பிறகு அழுதான். நானும்தான். உட்கார்ந்து அழுகிறானே, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா விடவில்லை. மூச்சு வந்துவிட்டது என்றாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம், கட்டாயம் டாக்டர் பார்க்கணும் என்றார். ஈரத் துணியை அவிழ்த்து, அலசாமல் மிச்சமிருந்த ஒரு சேலையால் சுற்றி, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். குடிக்கக் காப்பித்தண்ணி கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினார். 108 வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான். இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவான், வரட்டும்.

அந்த லீவுக்குப் பிறகு அப்பாவே என்னை அப்புச்சி தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நீச்சல் பழக்கினார். அந்தக் காலத்தில் முதுகில் சொரைப்புருடை கட்டுவார்களாம். எனக்கு இரண்டு காலி எண்ணெய் கேன். இடுப்பில் கயிறு, கயிறு அப்பா கையில். பாவாடை தாவணியோடு இறங்கினால் துணி காலைச் சுற்றி இழுக்கும், அதனால் அண்ணனுடைய கால்சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டேன். ஒன்பது நாளில் கேனைக் கழற்றிவிட்டேன். பழகும்போது பெரியவர் ஒருவர் கரையில் இருக்கணும், போன் பார்க்காமல் இருக்கணும். சாயந்திரம் இருட்டின பிறகு வேண்டாம். வலிப்பு வருகிறவர்கள் தனியாக இறங்கவே கூடாது.

நர்ஸ் அக்கா வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நம் பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பி.டி. சாரும் அனுமதி கொடுத்துவிட்டார். தலையணையை வைத்து அழுத்திக் காட்டுவார். ஆளுக்கு ஒரு தலையணை கொண்டுவரணும், பழசு போதும்.

இன்னொரு விஷயம். படித்துறை வேப்பமரத்தில் எங்க அப்பாவும் அந்த லாரி அண்ணனும் சேர்ந்து 15 மீட்டர் கயிறும், நுனியில் மூடி போட்ட ஒரு கேனும் கட்டி வைத்தார்கள். போன வாரம் பார்த்தேன், கேன் இருக்கு, கயிறைக் காணோம். மாடு கட்ட யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். எடுத்தவர் வீட்டுப் பிள்ளை நம் பள்ளியில்தான் படிக்கணும். திட்ட மாட்டோம், யார் என்று கேட்கவும் மாட்டோம். லீவு விடுவதற்குள் திரும்பக் கட்டிவிடுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி